அழித்த புள்ளடி

விடைக்கு முதலில் போட்ட புள்ளடியை மாற்றாதே என்பது பதுளை டியூஷனில் பாக்கியநாதன் சேரின் வேதவாக்கு. "முதல்ல கை போற எடந்தான் சரி. மாத்துனா கெட்டீங்க" என்பார். நான் கேட்கிற ரகமா? பூட்டிய கதவையே திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள்.

ஆசிரியர் உதவியாளர் பரீட்சை. பாஸானால் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. இல்லாவிட்டால் அண்ணன் பார்த்து வைத்திருக்கும் கொழும்புத் துணிக்கடை. தையில் அம்மா கண்ணை மூடியதிலிருந்து ஹல்துமுல்லைத் தோட்டத்து லயத்து வீட்டில் நான் ஒருத்திதான். "தனியா எதுக்குக் கெடக்குற?" என்று அண்ணன் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

தமிழ்ப் பகுதியில் ஒரு கேள்வி: ‘விளக்கு மலையேறியது’ என்பதன் பொருள் என்ன?

சிரிப்பே வந்துவிட்டது. விளக்கு அணைந்தது என்று சொன்னால் வீட்டுக்கு ஆகாது என்பாள் அம்மா. "தயானி, வெளக்கு மலையேறிருச்சு, எண்ணெய் ஊத்து" என்றுதான் கூப்பிடுவாள். ‘அணைந்தது’ என்பதற்குப் புள்ளடி போட்டேன்.

மணியடிக்கும் நேரத்தில் சனியன் பிடித்தது. லயத்துப் பேச்சையெல்லாம் பரீட்சைத் தாளில் போடுவார்களா? எங்களுக்கு மலையேறுவது என்றால் கொழுந்தெடுக்கப் போவதும்தான். படித்தவர்களுக்கு வேறு பொருள் இருக்கும். அழித்துவிட்டு ‘உயர்ந்து எரிந்தது’ என்பதற்குப் போட்டேன்.

பஸ்ஸில் பண்டாரவளை வரை டியூஷன் தோழி ஜெஸீமா பக்கத்தில் இருந்தாள். மாற்றிய விடைகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். கணக்கில் மாற்றியது சரி. பொது அறிவில் மாற்றியதும் சரி.

"மலையேறியது?"

"அணைந்ததுதானே. மரபுத்தொடர்னு மனப்பாடம் பண்ணினேனே."

அவள் மனப்பாடம் பண்ணியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அவள் இறங்கிய பிறகு வீடு வரைக்கும் அழுதேன். அம்மாவின் வாயையே அழித்துவிட்ட மாதிரி இருந்தது.

போன வாரம் முடிவு வந்தது. வெட்டுப்புள்ளியைத் தொட்டும் தொடாமலும் பாஸ். மாற்றிய விடைகள்தான் கரையேற்றின. சேர் பேச்சைக் கேட்டிருந்தால் துணிக்கடைதான். ஆனாலும் சரியாக மாற்றியது ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை, பிழையாய்ப் போன அந்த ஒன்றுதான் நிற்கிறது.

அண்ணனுக்குச் சொன்னேன். "சந்தோசம்" என்று போனை வைத்துவிட்டான், கடையில் ஆளாம். அம்மா படத்துக்கு விளக்கேற்றி அவளிடமும் சொன்னேன். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் திரி கருகிக் கிடந்தது.

"வெளக்கு மலையேறிருச்சு, எண்ணெய் ஊத்து" என்று சத்தமாகவே சொன்னேன். சொன்னதும் நான்தான், எண்ணெய்ப் போத்தலை எடுக்கப் போனதும் நான்தான்.