கல்லடியில் ஒரு மஞ்சள் புள்ளி

மூன்றாவது முறையாகவும் அதே இடிந்த கோட்டைச் சுவரின் முன்னால் வந்து நின்றது அப்பாவின் சக்கர நாற்காலி. அவள் பிடியை விட்டுவிட்டுக் கைகளை உதறினாள். உள்ளங்கை கன்றிப் போயிருந்தது.

"இதான்க்கா வழி. போன்ல அப்படித்தான் காட்டுது" என்றான் தம்பி.

"காட்டும், காட்டும். ஊருக்கே வழி காட்டுன மனுஷன் பெத்த பிள்ளைக்கு வழி தெரியல. வெளியில சொல்லிடாத."

அந்த ஆற்றோரப் பூங்காவின் நடைபாதைகளை வெட்டி, முப்பது வருடம் பார்த்துக்கொண்டவர் அப்பா. பக்கவாதம் பேச்சைப் பறித்துக்கொண்டது. "இன்னைக்கோ நாளைக்கோ, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று இன்று காலையில் மருத்துவர் கைவிரித்துவிட்டார். போகிற வழியில் ஒரே ஒரு தடவை ஆற்றைக் காட்டிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். இங்கே ஆற்றின் சத்தம்கூடக் கேட்கவில்லை. புதிதாக நட்ட வழிகாட்டிப் பலகைகளெல்லாம் சிற்றுண்டிக் கடைக்கே கொண்டுபோய் விட்டன. ஆறு மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள்.

"தலை தொங்குது பாருக்கா."

அவள் சலிப்போடு அப்பாவின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். உள்ளே நுழைந்ததிலிருந்து இதே வேலை. "கொஞ்ச நேரம் நேரா பாருங்கப்பா. உங்களுக்காகத்தானே இவ்வளவு பாடு."

கையை எடுத்ததும் தலை கவிழ்ந்தது. கண்கள் மூடவில்லை. வலப்பக்கம், தரையை ஒட்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் குனிந்து புல்லை விலக்கினாள். பாதையோரக் கல்லின் அடியில், பொத்தான் அளவுக்கு, வெளுத்துப்போன மஞ்சள் புள்ளி.

நகக்கண்ணெல்லாம் மஞ்சள் பெயிண்டோடு சாப்பிட உட்காருவார் அப்பா. அம்மா திட்டுவாள். 'களைச்சுப்போனவன் பலகையப் பாக்கமாட்டான். காலடியத்தான் பாப்பான்' என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

"போனை உள்ள வை" என்றாள்.

அதன்பின் அவள் நிமிர்த்தவில்லை. அப்பாவின் பார்வை போன பக்கமெல்லாம் நாற்காலி திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்திலும் கல்லடியில் இன்னொரு மஞ்சள் புள்ளி. வேர் தடுக்கிய இடங்களில் தம்பி முன்சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தான். முதலில் சத்தம் வந்தது, பிறகு ஈரக்காற்று, பிறகு ஆறு.

"வந்துட்டோம்ப்பா." தம்பிக்கு மூச்சு வாங்கியது. "இப்ப நிமித்துக்கா. பாக்கட்டும்."

அவள் மோவாயைத் தொட்டாள். அவர் கண்கள் காலடிக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தன. கையை எடுத்துக்கொண்டாள்.

"நிமித்துக்கா."

அவள் சக்கரத்தின் பூட்டைப் போட்டாள். பிறகு அவர் காலடியில் உட்கார்ந்து, கடைசிக் கல்லை மூடியிருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள்.