கறுத்த தோடு

கூலாய் என்ற எங்கள் சம்பந்தியம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் என் நாத்தனார் ஜாதிராவின் காதைத்தான் பார்த்தார். அவர் கையாலேயே பூட்டிய வெள்ளித் தோடு. எங்கள் கசாக் வீடுகளில் மாமியார் தோடு பூட்டிவிட்டால் கல்யாணம் நிச்சயம். போன மாதம் பளபளத்தது, இப்போது அடுப்புக்கரி போலக் கிடந்தது.

“வெள்ளி பொய் சொல்லாது. போட்டவளுக்கு உடம்புல நோய் இருந்தா கறுத்துடும். கழட்டிக் குடும்மா,” என்றார்.

கூட வந்திருந்த அவர் மகன், மாப்பிள்ளை யெர்மெக், தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாளின் கிண்ணத்தில் தேநீரை விளிம்பு வரை ஊற்றினேன். மதிப்பான விருந்தாளிக்குப் பாதிதான் ஊற்றுவோம். நிறைத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று பொருள்.

“அண்ணி, சும்மா இருங்க,” என்று ஜாதிரா சிரித்தாள். வெந்நீர் ஊற்றுக் குளியல் நிலையத்தில் தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. “அத்தை, உங்களுக்கு ஏதும் நோய் இருக்கா?”

“எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன்!”

“அப்போ உங்க மோதிரத்தைக் குடுங்க.”

சோதனைக்காக எடுத்து வந்திருந்த ஊற்றுத் தண்ணீரைச் சுடவைத்து மோதிரத்தை அதில் போட்டாள். அழுகிய முட்டை நாற்றம் வீட்டையே தூக்கியது. கொஞ்ச நேரத்தில் மோதிரமும் கறுத்தது.

“வெள்ளியை வளைங்க, தட்டுங்க, உருக்குங்க. உருவம்தான் மாறும், வெள்ளி வெள்ளியாவே இருக்கும். ஆனா இந்தத் தண்ணியில கந்தகம் இருக்கு. அதோட சேர்ந்தா மேலாப்புல இருக்கற வெள்ளி வேற பொருளாவே ஆயிடும், அதான் கறுப்பு. நான் தினமும் அந்த ஆவியிலதான் நிக்கறேன். இது வெள்ளியோட குணம் அத்தை, என் உடம்போட குணமில்ல.”

அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சோடா உப்பும் கொதிநீரும் கலந்து, மோதிரத்தையும் காதிலிருந்து கழட்டிய தோட்டையும் போட்டாள். “கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்கும், பாருங்க.” இரண்டும் வெளுத்து வந்தன. கூலாய் வெட்கத்தோடு தோட்டைத் துடைத்து, பூட்டிவிட வந்தார். ஜாதிரா விலகினாள்.

“இருங்க. எனக்கு நோய்னு நீங்க சொன்னப்ப உங்க மகன் வாயே திறக்கல. அவர் மனசுல என்னன்னு தெரியாம நான் காதை நீட்டமாட்டேன்.”

கூலாய் தயங்கினார். “பேசக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். காலையில அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘நோய்னா சீக்கிரமே கட்டிவைம்மா, கூட இருந்து பாத்துக்கறேன்’ன்னான்.”

எதற்கும் பதில் வைத்திருக்கும் என் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு காதை நீட்டினாள்.