மாப்பிள்ளை கேட்காத கடைசிப் பகுதி

ஒயர்க்காரர் தன் சின்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியில் தாழ்ந்த சுரம் ஒன்றை அழுத்திப் பிடித்தால் அந்தத் தெருவில் இருக்கும் பீரோ, கட்டில், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் தரையிலிருந்து ஒரு சாண் உயரும். இதில் யாருக்கும் வியப்பு இல்லை. மாலையில் அவர் வாசிக்கத் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு துடைப்பத்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் பெருக்கினார்கள். காணாமல் போன கம்மல்கள் கிடைத்தன. எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மாள், "இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாசிங்க சார், வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க" என்று ஜன்னல் வழியாகச் சொல்லுவார். வாசிப்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. கற்பூர வாசனை தெரியாத தெரு அது; ஆனால் சுத்தமான தெரு.

எந்தக் காலத்திலோ வானொலி நிலையங்களின் நிலவறைகளில் உட்கார்ந்து, ஒலிநாடாவை பிளேடால் வெட்டி ஒட்டியும் மின்சாரத்தை முனகவிட்டும் இசை செய்த முன்னோடிகளின் இசைத்தட்டுகளை இளவயதில் கேட்டு, அந்த வழியிலேயே போய்விட்டவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடி அறையில் சுவர் அளவுக்கு சின்தசைசர், அதன் மேலெல்லாம் ஒயர்கள். அந்த இயந்திரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. எந்த ஒயர் எந்தத் துளையில், எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதுதான் அதன் ஒலி. பிடுங்கினால் போயிற்று, செய்தவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் வருடக்கணக்காக அவர் ஒரு ஒயரையும் அசைக்காமல் சுற்றி மட்டும் தூசி தட்டினார். அவருடைய பெருமை தூக்குவதில் இல்லை. வாசிப்பின் கடைசியில் ஒரு குமிழை மெல்ல மெல்ல மூடுவார். ஒலி மங்கிக்கொண்டே போக, சாமான்கள் தூங்கிய குழந்தையைப் படுக்க வைப்பதுபோலத் தரையில் இறங்கும். அந்தப் பகுதிக்காகத்தான் மீதி எல்லாம் என்பார்.

அதைக் கேட்க அவருக்கு ஒரே ஒருவர் இருந்தார். தங்கையின் கணவர், வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றி இடம் மாற்றும் தொழில். மாலைதோறும் தங்கையோடு வந்து சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி உட்காருவார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உயிரே போயிடுச்சு மச்சான்" என்பார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒயர்க்காரர் மறுநாள் எழுந்தார். ஊரே கேட்காவிட்டாலும் ஒருத்தர் கேட்கிறாரே, அது போதும் என்று தங்கையிடம் சொல்வார். அவள் காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவாள்.

ஒரு காலையில் கடைவீதியில், மாப்பிள்ளையின் லாரியிலிருந்து தன் இசை ஒலிபெருக்கி வழியாக வருவதை அவர் கேட்டார். ஒரு சுமைக்காரர் இரும்பு பீரோவை ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டு போனார். லாரியின் பக்கவாட்டில் 'எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு' என்று பெயின்டில் எழுதியிருந்தது. சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பதிவு செய்திருக்கிறார். கூடவே இருந்து குழி பறிப்பதைப் பற்றி ஒயர்க்காரர் கேள்விப்பட்டதுண்டு. இப்போது ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.

ஆனால் தூக்கிய சாமான்கள் இறங்கவில்லை. புது வீடுகளில் கட்டில்கள் இடுப்பு உயரத்தில் நின்றன. நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் இறங்கின, எழுந்தால் ஏறின. ஜனங்கள் கூச்சல் போட, மாப்பிள்ளை மாடிக்கு ஓடிவந்தார். ஒயர்க்காரர் ஏன் திருடினீர்கள் என்று கேட்கவில்லை. "கடைசிப் பகுதி எங்க மாப்பிள்ளை?" என்றார்.

"அது சும்மா இழுத்துக்கிட்டே போச்சு மச்சான். ஒண்ணுமில்லன்னு வெட்டிட்டேன்."

"இத்தனை வருஷத்துல அதைக் கேட்டதே இல்லையா?"

மாப்பிள்ளைக்குப் பின்னால் வந்து நின்ற தங்கைதான் பதில் சொன்னாள். "நீ ஆரம்பிச்சதுமே அவரு தூங்கிடுவாருண்ணா. எனக்குத் தெரியும். நீ சந்தோஷமா இருந்தியேன்னுதான் சொல்லல."

திருட்டைக்கூட அவர் பொறுத்திருப்பார். இது நெஞ்சைப் பிளந்துவிட்டது. இருவர் கண் முன்னாலேயே எல்லா ஒயர்களையும் பிடுங்கிப் போட்டார். அதற்குப் பிறகு தெருவில் பீரோக்கள் உயரவில்லை. கட்டிலுக்கு அடியில் தூசி சேர்ந்தது, அதற்கும் அவரையே திட்டினார்கள்.

மாப்பிள்ளை விடவில்லை. முடிவு ஒன்றைத் தானே ஒட்டவைத்துவிடலாம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். ஒலி நேராகக் காதுக்குள் விழுந்ததால் ஆளே நாற்காலியை விட்டு எழும்பி, தன் வீட்டுக் கூடத்துக் கூரையில் முதுகு ஒட்டி நின்றார். தங்கை அழுதாள் என்பதற்காக ஒயர்க்காரர் இயந்திரத்தை அந்தக் கூடத்துக்கே கொண்டுவந்து, பழைய ஒலியைத் தேடி ஒரு வருடம் வாசித்தார். அது கிடைக்கவில்லை. வேறு ஒலிகள் கிடைத்தன, நல்ல ஒலிகள். கண் அசந்தால் கை மின்விசிறியில் படும் என்பதால் மாப்பிள்ளை விழித்தே இருந்தார். ஒரு மாலை மேலேயிருந்து குரல் வந்தது. "மச்சான், முடியுறப்ப ரெண்டு சத்தமும் ஒண்ணையொண்ணு விட்டு விலகிப் போகுதே, அது ஏன்? மனசை என்னமோ பண்ணுது."

வாழ்நாள் முழுவதும் ஒயர்க்காரர் காத்திருந்த கேள்வி அதுதான். வந்தபோது அதை அவரால் நம்ப முடியவில்லை. கீழே இறங்க நயமாகப் பேசுகிறார் என்று நினைத்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு போனவர் திரும்ப வரவில்லை. மாப்பிள்ளை உண்மையாகத்தான் கேட்டிருந்தார். தங்கை நீளக் கம்பில் தட்டைக் கட்டிச் சோறு நீட்டப் பழகினாள். லாரித் தொழில் மேலிருந்தபடியே நடந்தது. அடுத்த ஆண்டு வெள்ளையடிக்க வந்தவர் ஏணியில் ஏறி, "கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க சார்" என்றார். மாப்பிள்ளை நகர்ந்துகொண்டார்.