திருப்பி எறியாத பந்து

டுவேன் சிவப்புத் தொப்பியோடுதான் வந்து நின்றான். சிக்காகோவில், அதுவும் பேஸ்பால் மைதானத்தின் மதிலோரப் பெஞ்சுகளில், எதிரணியான செயின்ட் லூயிஸ்காரர்களின் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்காருவது வேண்டுமென்றே செய்கிற வேலை. இதை எதிர்பார்த்து ரூடி சொந்த அணியின் நீலத் தொப்பி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தான். "நீலம் எனக்கு ஒத்துக்காது மச்சான்" என்று சொல்லிவிட்டு டுவேன் உள்ளே நடந்தான். ரூடி அந்தத் தொப்பியை மடித்துப் பைக்குள் திணித்தான். இரண்டு நாளாகவே அவன் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டுதான் திரிந்தான்.

பூட்டின் சாவி டுவேனின் விலாவுக்குக் கீழே இருந்தது. வியாழக்கிழமை காலை அவனுடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்து ரூடியின் மனைவி லொரெய்னுக்கு வைக்கப்போகிறார்கள். லொரெய்ன் டுவேனின் அக்கா. ஒன்றரை வருஷமாக அவள் ரத்தம் சுத்திகரிக்கும் ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். ரூடியுடையது பொருந்தவில்லை, மகளுக்குச் சர்க்கரை. உலகத்தில் இத்தனை பேர் இருக்க, பொருந்தியது இந்த மனுஷனுடையதுதான். அதற்காகத்தான் ஊரிலிருந்து வந்திருந்தானே தவிர, ஆட்டம் பார்க்க அல்ல. "வீட்டுல உட்கார வெச்சா யோசிச்சு யோசிச்சே ஓடிருவான். எங்கேயாவது கூட்டிட்டுப் போ. சண்டை மட்டும் போட்டுராதே ரூடி, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்று லொரெய்ன்தான் இருவரையும் அனுப்பிவைத்தாள்.

சண்டை ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. தன் அம்மாவின், அதாவது ரூடியின் மாமியாரின், சாவுக்கு டுவேன் குடித்துவிட்டு வந்தான். சவப்பெட்டியின் கைப்பிடியைப் பிடிக்கப் போனவனை ரூடி தோளைப் பிடித்துத் தள்ளி, அந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரனை அழைத்தான். சர்ச் வாசலில் எல்லோரும் பார்க்க நடந்தது அது. பெற்ற தாயைத் தூக்க விடாதவன் என்ற பேர் ரூடிக்கும், தாயைத் தூக்கக்கூடத் தெம்பில்லாதவன் என்ற பேர் டுவேனுக்கும் நிலைத்துவிட்டன. அதன்பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. ரூடிக்கு இன்றைக்கும் தான் செய்தது சரி என்றுதான் எண்ணம். அப்படிச் சொல்லத்தான் இப்போது முடியவில்லை.

செப்டம்பர் முடியப்போகிறது. ஏரிக்காற்று கழுத்துக்குள் புகுந்தது. சொந்த அணி தோற்றுத் தோற்று அதன் கதை ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டதால் பெஞ்சுகளில் பாதி காலி. இந்த நாட்களில் வருகிறவர்கள் ஜெயிப்பதைப் பார்க்க வருவதில்லை, திட்டுவதற்கு வருகிறார்கள். முன்வரிசையில் பெர்னீஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரூடி பஸ் ஓட்டத் தொடங்கிய காலத்திலிருந்தே அவளுக்குப் பின்னால்தான் அவன் இடம். அவள் திரும்பிச் சிவப்புத் தொப்பியைப் பார்த்தாள். "என்னடா ரூடி, குப்பையை வாசல்ல போடாம உள்ள கொண்டாந்துட்டே?"

"லொரெய்னோட தம்பி" என்றான் ரூடி.

"அதுக்காக?"

டுவேன் சிரித்தான். பிறகு ஹாட் டாக் விற்கிறவளைக் கூப்பிட்டு, கெட்சப் கேட்டான். அவள் அவனை விட்டுவிட்டு ரூடியை முறைத்தாள். இந்த ஊரில் ஹாட் டாக்கில் கெட்சப் ஊற்றுவதைச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் மன்னிப்பார்கள். ரூடியே கீழே போய் நாலு கெட்சப் பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தான். டுவேன் நாலையும் பிழிந்தான். எதிரணி ஓட்டம் எடுக்கும்போதெல்லாம் எழுந்து நின்று கைதட்டினான். தன் பஸ்ஸில் ஒருவன் இப்படி ஆடியிருந்தால் அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டிருப்பான் ரூடி.

"அந்த டாக்டரம்மா என்னைத் தனியா உட்கார வெச்சுப் பேசினாங்க" என்றான் டுவேன், வாயைத் துடைத்துக்கொண்டே. "கடைசி நிமிஷத்துல கூட வேணாம்னு சொல்லலாமாம். ஏன்னு கேக்க மாட்டாங்களாம். டெஸ்ட்ல ஒத்துவரலைன்னு அவங்களே அக்காகிட்ட சொல்லிருவாங்களாம். யாருக்கும் தெரியாது. எவ்வளவு நல்ல மனுஷங்க பாரு."

 தொப்பி, கெட்சப், கைதட்டல் எல்லாம் எதற்கென்று அப்போதுதான் ரூடிக்குப் புரிந்தது. இவன் அடி வாங்கத்தான் வந்திருக்கிறான். ரூடி கை நீட்டினால் போதும், இன்று சாயங்கால ரயிலிலேயே ஊருக்குப் போய்விடலாம். பழியும் ரூடி தலையில் விழும். ரூடி கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ஏழாவது இன்னிங்ஸில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தைத் தூக்கி அடித்தான். மதிலைத் தாண்டி நேரே அவர்களை நோக்கி வந்தது. பெர்னீஸ் தலையைக் குனிந்தாள். டுவேன் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் பிடித்துவிட்டான்.

எதிரி அடித்த ஹோம் ரன் பந்தை இந்தப் பெஞ்சுகளில் யாரும் வைத்துக்கொள்வதில்லை. பிடித்தவன் மைதானத்துக்குள்ளேயே திருப்பி எறிந்துவிட வேண்டும். எட்டு வயதுப் பையனாக இருந்தாலும் சரி, அழுதுகொண்டாவது எறிவான். நாலா பக்கமும் குரல் எழும்பியது: "திருப்பி எறி! திருப்பி எறி!" டுவேன் பந்தைத் தொப்பிக்கு மேலே தூக்கிக் காட்டினான். பிறகு சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"ரூடி! எறியச் சொல்லுடா அவனை!" பெர்னீஸ் எழுந்து நின்று கத்தினாள். "நீயே பிடுங்கி எறி! வெக்கமா இல்லை உனக்கு?"

டுவேன் ரூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "என் கைக்கு வந்தது இது. எல்லாரும் கேட்டா குடுத்துரணுமா? பெட்டி தூக்க இந்தக் கை ஆகாதுன்னியே. இப்ப உடம்புக்குள்ள இருக்கறது மட்டும் ஆகுதா? பிடுங்கு மச்சான். பிடுங்கிப் பாரேன்."

ரூடி எழுந்தான். கை பைக்குள் முஷ்டியாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பியது டுவேன் பக்கம் அல்ல. பெர்னீஸையும் பின்வரிசைகளையும் பார்த்து, "அவன்தான் வெச்சுக்குவான். உட்காருங்க எல்லாரும்" என்றான். அவ்வளவு பெரிய சத்தத்தில் அவன் குரல் யாருக்குக் கேட்டதோ தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு கோப்பை பீர் பறந்துவந்து அவன் தலையில் கவிழ்ந்தது. அடுத்தது காதில் பட்டது. குளிர்ந்த பீர் முதுகுக்குள் வழிந்தது. "துரோகி" என்றாள் பெர்னீஸ். இத்தனை வருஷத்தில் அவள் அவனை என்னென்னவோ திட்டியிருக்கிறாள், எல்லாம் சிரித்துக்கொண்டே. இது அப்படியில்லை. ரூடி உட்கார்ந்தான்.

சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. டுவேனின் மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை.

"இதுக்கும் கோவம் வரலையா உனக்கு?" என்றான் டுவேன்.

"வருது." ரூடி முகத்தைத் துடைக்கவில்லை. "உன்னைக் கண்டாலே எனக்கு ஆகாது. செத்தாலும் ஆகாது. ஆனா வியாழக்கிழமை முடியட்டும். உனக்குத் தையல் ஆறட்டும். நீ நல்லா எழுந்து நடமாடுற அன்னைக்கு உன் வீட்டுக்கே வந்து, முன்பல்லு ரெண்டையும் தட்டி உன் கையில குடுக்கறேன்."

டுவேன் சிரிப்பான் என்று ரூடி நினைத்தான். அவன் சிரிக்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்ப நான் எழுந்திருப்பேங்கறே."

"என்ன?"

"மயக்க ஊசி போட்டப்புறம். நான் முழிச்சுக்குவேங்கறே."

 லொரெய்ன் பிழைப்பாளா என்று இந்த இரண்டு மாதமாக ரூடி தூங்காமல் கிடந்தான். இந்த ஆளும் அதே மாதிரி ஓர் ஆபரேஷன் மேஜையில்தான் படுக்கப்போகிறான் என்பது ஒரு தடவைகூட அவன் மனசில் தட்டியதில்லை. வெட்கமாக இருந்தது. அதற்காகவும் டுவேன் மேல்தான் எரிச்சல் வந்தது.

"முழிக்காம எங்கே போயிருவே? முழிக்கிற வரைக்கும் வாசல்லயே நிப்பேன். நீ எனக்குப் பல்லு பாக்கி."

ஆட்டம் முடிந்தது. பெர்னீஸ் போர்வையை மடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கினாள். மதிலுக்குப் பின்னால், நகர ரயில் ஒன்று நிலையத்தில் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஊருக்குப் போகிற சாயங்கால ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தும் டுவேன் எழவில்லை. பந்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு காலி மைதானத்தைப் பார்த்தபடி இருந்தான். மூடிய உதட்டுக்குள் அவன் நாக்கு முன்பற்களின் மேல் மெல்ல ஊர்ந்து போவதும், திரும்பி வருவதும் வெளியே தெரிந்தது.