ஓடுகிறபோது ஒழுகினால்

மாட்டுச் சந்தைகளுக்குப் போய்ப் போய்ச் சத்திரத்து மூட்டைப்பூச்சிகளிடம் கடிபட்டுச் சலித்தவர் எருமப்பட்டி கந்தப்பன். 1937இல் சென்னைக் கம்பெனி ஒன்றில் சொல்லி, இரண்டு கட்டிலும் ஓர் அடுப்பும் வைத்த மோட்டார் வண்டி ஒன்றைக் கட்டி வாங்கினார். மூன்று வருஷ உத்தரவாதப் பத்திரமும் கூடவே வந்தது. முதல் மழையிலேயே கூரை ஒழுகியது. அவர் மனைவி சென்னியம்மாள் விடியும்வரை கட்டிலில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

கந்தப்பன் கம்பெனிக்கு எழுதினார். மரியாதையாகவே பதில் வந்தது. உத்தரவாதம் வண்டிக்கு மட்டும்தான். ஓடுகிறபோது அது வண்டி. நிற்கிறபோது உள்ளே ஆட்கள் படுப்பதால் அது வீடு. எப்போது ஒழுகியது என்று தெரிவிக்கவும். நின்றிருந்தபோது என்று கந்தப்பன் உள்ளதை எழுதிவிட்டார். அப்படியானால் கொத்தனாரைப் பார்க்கவும் என்று அடுத்த கடிதம் வந்தது.

ஓடும்போதும் ஒழுகுகிறது என்று ஆறு கடிதம் போட்ட பிறகு, நேரில் பார்க்கக் கந்தவேல் என்ற பரிசோதகரை அனுப்பினார்கள். கழுத்தில் டை கட்டிய ஒல்லியான மனிதர். அவர் வந்திறங்கிய அன்றே வானம் வெளுத்துவிட்டது. குடத்துத் தண்ணீரை ஊற்றிக் காட்டட்டுமா என்று கந்தப்பன் கேட்டார். பத்திரத்தில் மழை என்றுதான் இருக்கிறது என்று பரிசோதகர் மறுத்துவிட்டார். பதினொரு நாள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் வெண்ணந்தூர்ப் பக்கம் மழை இறங்குவதாகத் தகவல் வந்தது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு டிரைவர் வீரன் வண்டியை விரட்டினான். ராசிபுரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கூரையிலிருந்து முதல் சொட்டு கந்தவேலின் மூக்கில் விழுந்தது. அவர் திருப்தியோடு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அதே நொடியில் சக்கரம் சேற்றில் புதைந்து வண்டி நின்றது. அவர் நோட்டை மூடினார்.

"இப்ப இது ஊடுங்களா?" என்று கந்தப்பன் கேட்டார்.

"வருத்தந்தான். வீடுதான்."

சென்னியம்மாள் கதவைத் திறந்தாள். "அப்ப எங்கூட்டுக்குள்ள நீங்க ஏனுங்க உக்காந்திருக்கறீங்க? எறங்குங்க."

கந்தவேல் இறங்கிக் கொட்டும் மழையில் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார். கந்தப்பனும் இறங்கிக் கைகொடுத்தார். வண்டி குலுங்கிக் கிளம்பியது. நிறுத்தினால் மறுபடி வீடாகிவிடுமே என்று பயந்து வீரன் நிறுத்தவே இல்லை. இருவரும் அரை மைல் ஓடித்தான் தொற்றி ஏறினார்கள். உள்ளே சென்னியம்மாள் கூரை ஒழுகித் தலைமுதல் கால்வரை நனைந்திருந்தாள். ஓடும்போதுதான் ஒழுகியது என்று கந்தவேல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சளி பிடித்து அவர் ஒரு வாரம் எருமப்பட்டியில் அவர்கள் வீட்டிலேயே படுத்திருந்தார். சென்னியம்மாள் மூன்று வேளையும் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

தை மாதம் புதுக்கூரை வந்தது. சித்திரையில் சந்தைக்குப் போனபோது கோடைமழை வெளுத்து வாங்கியும் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. காலையில் புதுக்கூரை அழுத்திக் கதவுதான் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக இறங்கினார்கள். கம்பெனிக்கு எழுதலாம் என்று கந்தப்பன் பேனாவை எடுத்தார். சென்னியம்மாள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.