நெல் காயும் சாலையில் ஆசிட் லாரி

1.

இந்தக் கதை ஒரு டயரிலிருந்து வந்தது. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு டேங்கர் லாரி. பின்பக்கம் மண்டையோடு படம் போட்டு, 'ஆசிட், நெருங்காதீர்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதன் டயர்ப் பள்ளங்களில் நெல் அப்பியிருந்தது. ஈரம் காயாத குறுவை நெல். கேட் திறந்தது, லாரி போய்விட்டது. அது யாருடைய நெல், காய்ந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்க ஆளில்லை. அன்றைக்குப் பிடித்த பயம். எழுதினால் இறங்கும் என்று நினைத்தேன். (இறங்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'காவிரி பாயும் வளநாட்டில், கதிர்கள் தலைசாய்ந்து' — வேண்டாம், காலண்டருக்குத்தான் ஆகும்.

அடுத்தது: 'அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கான உள்ளூர் அனுமதி என்பது' — இந்த வரியோடு நீங்கள் கொட்டாவி விட்டு எழுந்து போய்விடுவீர்கள். ஆனால் கதை என்னவோ அதைப் பற்றித்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2.

அறிவுமதி ஒரு பேரூராட்சியின் செயல் அலுவலர். ஊர் பெயர் வேண்டாம். நீடாமங்கலத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய தாத்தா பண்ணையில் கூலிக்கு நட்டவர், அப்பா மருதையன் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி நட்டவர், இவள் தேர்வெழுதி நாற்காலிக்கு வந்தவள்.

முதல் படியில் இவளை லஞ்சம் வாங்குகிறவளாக எழுதினேன். எழுத ரொம்பச் சுலபமாக இருந்தது. கெட்டவள் கையெழுத்துப் போட்டாள், கேடு வந்தது, நமக்கெல்லாம் நிம்மதி. அடித்துவிட்டேன். என் பயம் அந்த மாதிரி ஆளைப் பார்த்தல்ல. வந்தவர் வாங்கிக் கொடுக்கும் டீயைக்கூடத் தொடாத அறிவுமதியைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

சித்திரை மாதம் நாகநாதன் வந்தார். கும்பகோணத்துப் பித்தளைப் பட்டறைகளுக்கு ஆசிட் கொண்டுபோகும் லாரிக்குச் சொந்தக்காரர். கடைத்தெரு வழியாகப் போக அனுமதி கேட்டார்.

"கடைத்தெருவுல ஸ்கூல் இருக்கு, பஸ் ஸ்டாண்டு இருக்கு. கண்டிப்பா முடியாதுங்க," என்றாள்.

"அப்ப எந்த வழியா போறது, நீங்களே சொல்லுங்க மேடம்."

அவளே வழி தேடினாள். ஆற்றங்கரைச் சாலை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல். நேரில் போய்ப் பார்த்தாள். ஆறு வறண்டு கிடந்தது, சாலையில் ஈ காக்கை இல்லை. 'போக்குவரத்துக்கு இடையூறு ஏதுமில்லை' என்று எழுதினாள். நிபந்தனைகளும் போட்டாள். உச்சி வேளையில் மட்டுமே வர வேண்டும், மெதுவாக வர வேண்டும், எல்லைக்குள் நுழைந்ததும் ஓட்டுநர் கைபேசியை அணைத்துவிட வேண்டும். எல்லாம் நல்ல நிபந்தனைகள். நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

(இங்கே சட்டம் தெரிந்தவர் ஒருவர் கை தூக்குவார்: இந்த அனுமதியைத் தர வேண்டியது யார், பேரூராட்சியா, போக்குவரத்து அலுவலகமா, தீயணைப்பா என்று. அதைத் தேடிப் போய் எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். என் கதையில் இவள் தருகிறாள். சொந்த ஊரிலேயே வேலை போடுவார்களா என்றும் கேட்கலாம். போடவில்லை, மருதையன் இருப்பது பக்கத்து ஊர். கரைச் சாலை இரண்டு ஊருக்கும் பொது.)

நாகநாதனின் கிடங்கு கட்டி முடிய நாளானது. முதல் லாரி புரட்டாசியில்தான் கிளம்பியது.

3.

புரட்டாசியில் அந்தச் சாலை சாலையே இல்லை, களம். குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பிவிட்டால், நெல்லைக் கொட்டிக் காயவைக்கத் தார்ச்சாலையை விட்டால் வேறு இடம் கிடையாது. பாதிச் சாலைக்கு நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல்லை வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார்கள். வருகிற வண்டி மீதிப் பாதியில் ஒதுங்கிப் போகும். யாரும் நெல் மேல் ஏற்ற மாட்டார்கள். திருட்டு மணல் ஏற்றி வருகிறவன்கூட ஏற்ற மாட்டான்.

இது அறிவுமதிக்குத் தெரியாதா? சின்ன வயதில் அதே கரையில் காலால் நெல்லைத் துழாவிவிட்டவள் அவள். அவள் மறந்தாள் என்று எழுதினால் நம்புவீர்களா? நானே நம்பாமல் இந்தப் பகுதியை நாலு தடவை அடித்து எழுதி —

சரி, ஒரு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். அலுவலகத்தில் அது எண்ணும் அகலமும் உள்ள சாலை. வீட்டில் அது கரை. இரண்டும் ஒரே இடம் என்பது அவள் மனதில் ஒருநாளும் சேர்ந்து வரவில்லை. படித்து மேலே வந்த எல்லோர் தலையிலும் இப்படி இரண்டு ஊர்கள் இருக்கின்றன. என் தலையிலும்தான்.

4.

அன்று காலை மருதையன் போன் செய்தார். "ஈரமா இருக்குன்னு திருப்பிட்டானுங்க மதி. கரையில கொட்டிக் காய வச்சிருக்கேன். வானம் வேற இருட்டிக்கிட்டு வருது."

"சரிப்பா, நேரத்துக்குச் சாப்பிடுங்க," என்றாள். கையெழுத்துப் போட ஏதோ நீட்டினார்கள், போனை வைத்துவிட்டாள்.

உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்பு நாகநாதன் பேசினார். "மொத வண்டி கெளம்பிருச்சு மேடம். நீங்க சொன்ன கரை ரோட்டுலதான்."

கரை. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும், காலையில் அப்பா சொன்ன கரை அவளுக்கு ஞாபகம் வந்தது.

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

"எப்படி மேடம் சொல்றது? இந்நேரம் வண்டி எல்லைக்குள்ள போயிருக்கும். எல்லைக்குள்ள வந்ததும் போன அணைச்சிரணும்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? டிரைவர் அப்துல் வஹாப் அதுல ரொம்பச் சுத்தம்."

அப்பாவின் எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூவரச மரத்தில் சட்டையைக் கழற்றி மாட்டியிருப்பார், பைக்குள் போன் கிடந்து அடிக்கும். தீயணைப்புக்குச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

5.

அவள் போய்ச் சேர்வதற்குள் முடிவுகளைக் காட்டிவிடுகிறேன்.

ஒன்று: லாரி நெல்லுக்காக ஒதுங்குகிறது, கரை சரிகிறது, ஆற்றில் ஆசிட். கீழே படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் — இதை எழுதிவிட்டு அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. கிழித்தேன்.

இரண்டு: ஒன்றும் ஆகவில்லை. மருதையன் நெல்லைக் கூட்டி வழிவிடுகிறார், மகள் அழுகிறாள், மழையும் பெய்யவில்லை. இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "ஒங்களுக்கு வேணும்னா இப்படி நடக்கும்," என்றாள்.

மூன்றாவது, கீழே இருப்பது.

6.

லாரி சாய்ந்து நின்றது. நெல் மேல் ஏற்ற மனமில்லாமல் அப்துல் வஹாப் ஆற்றுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். முந்தின நாள் மழையில் ஊறிய ஓரத்தில் இடது சக்கரங்கள் இறங்கிவிட்டன. கீழே ஆறு கரை தொட்டு ஓடியது. மண் கட்டி கட்டியாகத் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. டேங்கர் மூடியில் எங்கோ ஆசிட் கசிந்து, காரநெடி கண்ணைக் கரித்தது.

"எல்லாரும் தூரப் போங்க," என்று கத்தினாள். சிலர் ஓடினார்கள். மருதையன் போகவில்லை. ஓரக் கற்களை எடுத்துப் போட்டுவிட்டு, லாரிக்கு முன்னால் நெல்லின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் ஒடிச்சு நெல்லு மேல ஏத்துப்பா," என்றார் டிரைவரிடம். "போனாப் போவுது."

"அண்ணே, சோத்து மேல எப்படிண்ணே ஏத்துறது?"

"ஆத்துல உழுந்தா எவனுக்குமே சோறு இருக்காது. ஏத்து."

"அப்பா, தள்ளி வாங்க," என்றாள் அறிவுமதி.

"நான் தள்ளிப் போயிட்டா தார் எங்க முடியுதுன்னு யார் காட்டுறது? அந்தாண்ட பாரு, வயல் எவ்வளவு பள்ளம். நெல்லு மூடிக் கெடக்கு, அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் சொன்னது சரி. அவளுக்குத் தெரிந்ததும் சரி: டயருக்கு அடியில் நெல் உருளும். அத்தனை பாரமும் ஒரே உந்தில் மேலே வரும்போது வழுக்கினால், லாரி போய் நிற்கும் இடம் அப்பாவின் மேல்தான். தீயணைப்பு வண்டியின் சத்தம் இன்னும் எந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கவில்லை. மண் இன்னொரு கட்டி விழுந்தது. லாரி கொஞ்சம் முனகி இறங்கியது.

அப்துல் வஹாப் இன்ஜினைப் போட்டார். ஆனால் கிளம்பவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, அவளைப் பார்த்தார்.

"மேடம், நீங்க சொன்னாத்தான் எடுப்பேன். ஏத்தட்டுமா?"

மருதையன் திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரத்தையே பார்த்தபடி இரண்டு கைகளையும் தூக்கி, வா என்று காட்டத் தயாராக நின்றார். வியர்வை ஊறிய அவர் முதுகில் உமி ஒட்டியிருந்தது.

அவள் இதற்கு முன் எத்தனையோ அனுமதி கொடுத்திருக்கிறாள். எல்லாம் தாளில்தான்.

அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. நான் 'ஏத்துங்க' என்று எழுதிப் பார்த்து அடித்தேன். 'வேண்டாம்' என்று எழுதியும் அடித்தேன். இரண்டிலும் என் கை மருதையனின் முதுகைத் தாண்டிப் போகவில்லை. இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். நீங்கள் யோசித்து முடிக்கும்வரை கரை காத்திருக்காது. டிரைவர் இப்போது உங்களைப் பார்க்கிறார், சொல்லுங்கள்.