கை ஒளிர்ந்த படம்

கணினித் திரையில் சௌந்திரத்தின் உடம்பு சாம்பல் நிறத்தில் கிடந்தது. தோள்களும் முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளும் மட்டும் விளக்கேற்றி வைத்ததுபோல் ஒளிர்ந்தன. அர்த்தநாரி திரையை நோக்கிக் குனிந்தார். மாதக்கணக்கில் ஊசி மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டிய பிறகு, கக்கத்தில் இருந்த கட்டி கரைந்ததா இல்லையா என்று பார்க்கத்தான் திருச்செங்கோட்டிலிருந்து மனைவியைச் சேலத்துக்குக் கூட்டி வந்திருந்தார். இதென்ன, கையெல்லாம் பரவிவிட்டதா?

டாக்டர் அறிவுச்செல்வி திரும்பினார். "நேத்தும் இன்னிக்கும் ஏதாச்சும் கைவேலை செஞ்சீங்களாம்மா?"

சௌந்திரம் முந்தானையைத் திருகினாள். "பால் பீச்சுனனுங்க. மடி கனத்துப் போயி மாடு கத்துச்சுங்க. என்னைய உட்டா வேற ஆரையும் கிட்டச் சேர்க்காதுங்க."

ஸ்கேனுக்கு முந்தின நாளிலிருந்தே கைகாலுக்கு வேலை கொடுக்கக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. சர்க்கரையோடு கதிர்வீச்சு மருந்தைச் சேர்த்துத்தான் ஊசி போட்டிருக்கிறோம், பசியெடுத்த இடமெல்லாம் அதை இழுத்துக்கொண்டு ஒளிரும், புற்றுக்கு அகோரப் பசி, உழைத்த தசைக்கும் பசிதான் என்று விளக்கினார்.

"கையில நோய் இல்ல, பயப்படாதீங்க. ஆனா கக்கத்தைச் சுத்தித் தசையே ஒளிருது. கட்டி இருக்கா இல்லையான்னு என்னால சொல்ல முடியல. அடுத்த வாரம் மறுபடி எடுக்கணும். அதுக்கு முந்தின நாள்லேருந்து மாட்டுப் பக்கமே போகக்கூடாது."

பேருந்தில் திட்டத்தான் வாயெடுத்தார் அர்த்தநாரி. அவள் ஜன்னலோரம் தூங்கிப்போயிருந்தாள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு மத்தியப்பிரதேசத்தில் கிடந்த வருஷங்கள் ஞாபகத்துக்கு வந்தன. காலையில் அவர் கூப்பிட்டால் அவள் போனைத் தொழுவத்துச் சுவரில் வைத்துவிட்டுப் பால் கறப்பாள். பேச்சு பாதி, போசியில் பால் விழும் சர் சர் சத்தம் பாதி. லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஊரில் இருப்பதாக நினைத்துக்கொள்வார். அவள் கறப்பதைக் கண்ணால் பார்த்த நாட்கள் குறைவு. அந்தக் காலம் திரும்பக் கிடைக்காதா என்று ஏக்கமாக இருந்தது.

மறு ஸ்கேனுக்கு முந்தின நாள் காலை, பால் கறக்கப் போன அவரை மாடு இரண்டு முறை உதைத்துத் தள்ளியது.

"ஏனுங்க, என்ற பழஞ்சீலையச் சுத்திக்கிட்டு உக்காருங்க. வாசத்துக்கு நின்னுக்கும்."

முறுக்கு மீசையும் பூப்போட்ட சேலையுமாக அவர் குந்தியதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிகிச்சை ஆரம்பித்த பிறகு அவள் அப்படிச் சிரித்தே அவர் பார்க்கவில்லை. மாடு ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுச் சும்மா நின்றது. தட்டுத்தடுமாறி, சர் சர் என்று போசியில் பால் விழத் தொடங்கியது.

முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு திரும்பினார். வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தவளின் மடியில், அந்தச் சத்தத்துக்கு ஏற்ப விரல்கள் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தன.

"கையச் சும்மா வெய்யி புள்ள." என்றார் அவர்.

அவள் இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கி இடுக்கிக்கொண்டாள்.